வி.ஆர். கண்ணாடியில் பார்த்ததை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பையும் சுற்றியுள்ள தெருக்களையும் இடித்துப் புதிதாக அமைக்கப் போகிறார்கள். குடியிருப்போரின் கருத்தைக் கேட்க, புதிய இடத்தை வி.ஆர். கண்ணாடியில் (கண்ணில் மாட்டினால் கணினியில் வரைந்த இடத்துக்குள்ளேயே நிற்பதுபோலக் காட்டும் கருவி) காட்டுகிறார்கள். பார்த்தவர்கள் அசந்துபோய்த் திரும்புகிறார்கள். வெளியே வரும்போது ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குகிறார்கள். போடலாமா? 70 வயது அப்பாவுக்குத் தலைசுற்றல் வேறு இருக்கிறது.

பதில்: போய்ப் பாருங்கள். கையெழுத்தை மட்டும் அன்றைக்குப் போடாதீர்கள்.

கருவி நல்ல கருவிதான். வரைபடம் படிக்கப் பழகாதவருக்கு 'எட்டு மாடி' என்றால் ஒன்றும் பிடிபடாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் உடனே புரிந்துவிடும். ஆனால் அதற்குள் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் திட்டத்தை விற்க வேண்டியவர். அதனால் எப்போதும் உச்சி வெயில், தெருவில் ஒரு வண்டி இல்லை, மரமெல்லாம் வளர்ந்து குடை விரித்து நிற்கும். நட்ட கன்று அந்த உயரத்துக்கு வரப் பல வருடம் ஆகும்.

நட்ட அன்றைக்கு மரம் எப்படி இருக்குமோ அப்படிக் காட்டச் சொல்லுங்கள். குளிர்காலத்து மாலை நான்கு மணிக்கு எந்தக் கட்டடத்தின் நிழல் எங்கே விழும் என்று கேளுங்கள். தேதியும் நேரமும் கொடுத்தால் மென்பொருள் கணக்கிட்டுவிடும். முடியாது என்று சொன்னால் அது நொண்டிச்சாக்கு.

உயரத்திலிருந்து பறந்து பார்க்கும் காட்சியில் மயங்காதீர்கள். மேலிருந்து எல்லாக் கட்டடமும் பொம்மைபோல அடக்கமாகத் தெரியும். நிற்பவரின் கண் உயரம், சுமார் 160 சென்டிமீட்டர், அதில் வைத்துப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இது பொருந்தாது. அவருக்குச் சுமார் 120 வைக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால்தான் கைப்பிடிச் சுவர் பார்வையை மறைப்பதும், நடைபாதை விளிம்பு வழியை அடைப்பதும், சரிவுப்பாதை சுற்றிச் சுற்றிப் போவதும் தெரியவரும். சிறுவர்களுக்கு இன்னும் இறக்க வேண்டும். இந்த ஒன்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, நீங்களாவது கேளுங்கள்.

அப்பாவை உட்கார வைத்தே காட்டச் சொல்லுங்கள். கண் நகர்வதாகச் சொல்லும், உள்காது இல்லை என்று சொல்லும், அதில்தான் தலை சுற்றுகிறது. வழுக்கிக்கொண்டு போகாமல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் முறையில், ஐந்து நிமிடம் போதும். வலிப்பு நோய் இருப்பவர்களுக்குக் கண்ணாடியே வேண்டாம், பெரிய திரை போதும்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். கருத்துக்கேட்பு நடத்தித் தருகிறோம் என்று வரும் இடைத்தரகர்களில் சிலர் தலைக்கணக்குக் காட்டித்தான் காசு வாங்குகிறார்கள். வருகைப் பதிவு என்று நீட்டிய தாள் பிறகு 'ஆதரவு தெரிவித்தோர்' பட்டியலாகப் போய்ச் சேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். தாளின் தலைப்பைப் படியுங்கள். 'பார்த்தேன், சம்மதம் தெரிவிக்கவில்லை' என்று எழுத இடம் தராத தாளைத் தொடாதீர்கள்.

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வகுத்தார். கருத்துக் கேட்பது நான்காம் படி, சேர்ந்து முடிவெடுப்பது ஆறாம் படி. இத்தனை வருடத்துக்குப் பிறகும் திட்டத்தை முடித்துவிட்டு நம்மைக் கூப்பிட்டு நான்காம் படியில் நிறுத்துகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2012இல் ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டைத் தயாரித்த மோஜாங் நிறுவனத்தோடு தொடங்கிய, பொது இடங்களை மக்களோடு சேர்ந்து அந்த விளையாட்டிலேயே வடிவமைக்கும் 'பிளாக் பை பிளாக்' திட்டத்தில் படம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே மக்களே பெஞ்சையும் விளக்கையும் நகர்த்தி வைத்துப் பார்த்தார்கள். உங்களுக்குக் காட்டுவதில் எதையாவது நகர்த்த முடியுமா? முடிந்தால், சொன்ன மாற்றம் அடுத்த வரைபடத்தில் வருமா?

கண்ணாடியில் தெரியும் பூங்கா, படிக்கட்டு, கட்டட உயரம் ஒவ்வொன்றும் அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் எந்தத் தாளில், என்ன அளவில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள்களின் நகல் கைக்கு வந்தபின், வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.