தேசிய நெடுஞ்சாலையில் உங்கள் பங்கு அரைச் சாண்

கேள்வி: எட்டாம் வகுப்புக் கண்காட்சிக்கு இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைகளைத் தலைப்பாக எடுத்திருக்கிறோம். மொத்தம் சுமார் 1,46,000 கி.மீ. என்று சார்ட்டில் எழுதினால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். எப்படி விளங்கவைப்பது? (ஓர் ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: பூமியை மூன்றரைச் சுற்றுக்கு மேல் வரும் என்று எழுதத்தான் முதலில் கை போகும். கணக்கு சரி. ஆனால் பூமியைச் சுற்றிவந்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறதா? உங்கள் ஊர் வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ எடுங்கள். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 3,745 கி.மீ. அதைப்போல 39 சாலைகளை முனையோடு முனை சேர்த்தால் இந்த நீளம் வரும்.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. 140 கோடிப் பேருக்கும் பங்கு வைத்தால் தலைக்குப் பத்து சென்டிமீட்டர்தான், அரைச் சாண் அளவு. பிள்ளைகளைக் கையை விரித்து அளக்கச் சொல்லுங்கள். ஊராட்சிச் சாலை வரை எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 63 லட்சம் கி.மீ. அப்போது தலைக்கு நாலரை மீட்டர். காலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் நாட்டின் சாலைப் போக்குவரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் ஓடுவது அந்த அரைச் சாணில்தான்.

நீளத்தோடு நின்றுவிடாதீர்கள், அகலமும் வேண்டும். நான்கு வழியும் அதற்கு மேலும் உள்ளவை சுமார் 46,000 கி.மீ.தான். மிச்சத்தில் பெரும்பகுதி, எதிரே லாரி வந்தால் நெஞ்சு படபடக்கும் இருவழிச் சாலை. ஒரு தடம் 3.5 மீட்டர். நான்கு வழிக்கு 14, மற்றதற்கு 7 என்று பெருக்கிக் கூட்டுங்கள்: 1,300 சதுர கி.மீ.க்குச் சற்று அதிகம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. மூன்று சென்னைகளைத் தார் போட்டு மூடியது மாதிரி! தோராயம்தான், ஆனாலும் சார்ட்டில் வரைந்தால் கண்ணில் நிற்கும்.

செய்திகளில் வரும் நீளத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2022-ல் அமராவதி–அகோலா இடையே 105 மணி 33 நிமிடத்தில் 75 கி.மீ. போட்டுக் கின்னஸ் சாதனை செய்தார்களே, அது ஒற்றைத் தடம். இருவழியாகக் கணக்கிட்டால் 37.5 கி.மீ.

யாராவது மாணவர் ஜெர்மனியின் அதிவேகச் சாலையான ஆட்டோபான் வெறும் 13,000 கி.மீ.தானே என்று கேட்கக்கூடும். அங்கே குறுக்குச் சாலை கிடையாது, டிராக்டர் ஏற முடியாது, ஓரத்தில் டீக்கடை பெஞ்சும் இருக்காது. அதற்கு இணையாக வைக்க வேண்டியது நம் எக்ஸ்பிரஸ்வேக்களை மட்டும்தான்.