கேஐ-67 அதிகம் என்றால் என்ன? செந்தூல் சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. உங்கள் 11 வயது நாய் கறுப்பனின் ஈறில் எடுத்த கட்டி மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்), 'கேஐ-67 அதிகம்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கேஐ-67 என்ற அந்தப் புரதம்தான் புற்றுநோயை உண்டாக்கியதா, சாப்பாட்டை மாற்றினால் குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. முட்டை, கோழி எதையும் நிறுத்தாதீர்கள். இப்போது கறுப்பன் நன்றாகச் சாப்பிட வேண்டும்.

கேஐ-67 செல்லின் உட்கருவில் இருக்கும் புரதம். செல் பெருகும்போது தென்படும், ஓய்வில் இருக்கும்போது காணாது. 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். அதிகம் என்றால் கட்டி வேகமாக வளரும் ரகம், அவ்வளவுதான்.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: லேபில் என்ன நிறச் சாயம் போட்டார்கள்? மெலனோமா செல்லிலேயே பழுப்பு நிறமி உண்டு. பழுப்புச் சாயம் என்றால் இரண்டும் கலந்து எண்ணிக்கை பிசகலாம். நிறமியை வெளுக்க வைத்தோ, சிவப்புச் சாயத்திலோ பார்த்திருந்தால் நல்லது.

அதைவிட அவசரம், புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரேயும், தாடைக்குக் கீழே உள்ள நிணநீர் முடிச்சில் ஊசிப் பரிசோதனையும். முடிச்சு வீங்காவிட்டாலும் எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு நாய்க்கு வாய் நாற்றமும் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு துளி ரத்தமும்தான் முதலில் தெரிந்தன. முடிச்சைத் தடவிப் பார்த்ததோடு விட்டுவிட்டோம். இன்னும் மனசு ஆறவில்லை.

செர்டாங்கில் யுபிஎம் (மலேசிய புத்ரா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனை இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் கடிதம் வாங்கி, ரிப்போர்ட்டோடு இந்த வாரமே போய்வாருங்கள்.