கேள்வி – பதில்: ஸ்பீடு நூறு காட்டுது, குரல் மட்டும் ஏன் வெட்டுது?

சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அவர்கள் கொடுத்த ஐபி போனை (இன்டர்நெட் வழியே பேசும் போன்) 100 எம்பிபிஎஸ் ஃபைபரில் போட்டிருக்கிறேன். ஸ்பீடு டெஸ்ட் பிரமாதமாக வருகிறது. எதிர்முனை பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது; என் குரல்தான் அவர்களுக்கு விட்டு விட்டுக் கேட்கிறதாம். கனெக்‌ஷனை மாற்றிவிடலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

மாற்றாதீர்கள், முதலில் சோதியுங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறைகளில் ஒன்று) ஓர் அழைப்புக்குப் போக 87 கிலோபிட், வர 87 கிலோபிட் போதும். உங்கள் நூறில் அது தூசு. பேச்சுக்கு வேண்டியது வேகமல்ல, சீரான ஓட்டம். போன் உங்கள் குரலை 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டாக நறுக்கி, செகண்டுக்கு 50 பாக்கெட் அனுப்புகிறது. வழியில் ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை. லேட்டாக வந்தாலும் வீண்தான். வீடியோவைப் போல முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அவர்களுக்கு மட்டும் வெட்டுகிறது என்பதால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் அப்லோடு பக்கம்.

லேப்டாப்பை லேன் ஒயரால் ரவுட்டரில் செருகுங்கள். வைஃபையில் செய்த சோதனையை நம்பி யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு முகவரிக்குச் சிறு பாக்கெட் அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது பிங். கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்தக் கட்டளைக்கு எண்ணிக்கை 300, அளவு 172 பைட் என்று கொடுங்கள். 160 பைட் குரலும் 12 பைட் தலைப்பும் சேர்ந்தது 172. குரல் பாக்கெட்டும் அதே பருமன்தான். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு அடியுங்கள்: ஓரிரு மில்லி செகண்டில் பதில் வர வேண்டும், ஒன்றுகூடத் தொலையக் கூடாது. அடுத்தது, போன் செட்டிங்கில் சர்வர் என்று போட்டிருக்கும் முகவரிக்கு. கூகுளுக்கு அடித்துப் பார்ப்பது வேறு ஊருக்குப் போகிற ரோட்டைப் பார்ப்பது மாதிரி.

300-இல் 3-க்கு மேல் தொலைந்தால், அதாவது 1 சதவீதத்தைத் தாண்டினால், காது கண்டுபிடித்துவிடும். பதில் நேரம் ஒன்றுக்கொன்று 30 மில்லி செகண்டுக்கு மேல் ஏறி இறங்கினால் அது ஜிட்டர். முன்பின்னாக வரும் பாக்கெட்டைச் சற்று நிறுத்திச் சீராக்கும் பஃபர் போனில் உண்டு, அது ஓரளவுதான் சமாளிக்கும். மொத்தத் தாமதம் ஒரு திசைக்கு 150 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வகுத்த அளவு. பிங் காட்டுவது போய்வரும் நேரம் என்பதால் 300 வரை தாங்கும். நெல்லையிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். ஒளி கண்ணாடி இழையில் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே தூரத்தால் மட்டும் கூடுவது போய்வர ஆறேழு மில்லி செகண்ட்தான். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் கதையே வேறு. அந்தத் தாமதத்தை எந்த ரவுட்டரும் குறைக்காது.

இனி முக்கியமான சோதனை. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய வீடியோ ஒன்றை டிரைவில் ஏற்றுங்கள். 20-இல் நின்ற எண் 300, 400 என்று எகிறினால் கள்ளன் அகப்பட்டான்: அப்லோடு நிரம்பி, உங்கள் குரல் ரவுட்டரின் வரிசையில் காத்துக் கிடக்கிறது. பெரும்பாலும் மொபைலின் போட்டோ பேக்கப்போ, கிளவுடுக்குப் படம் அனுப்பும் சிசிடிவியோதான் காரணம். ரவுட்டரின் க்யூஓஎஸ் பகுதியில் (எதற்கு முன்னுரிமை என்று சொல்லும் இடம்), அளந்த அப்லோடில் 85 முதல் 90 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்து, போனுக்கு முன்னுரிமை கொடுங்கள். 'இது அவசரம்' என்று குரல் பாக்கெட்டில் குத்தும் டிஎஸ்சிபி 46 முத்திரை உங்கள் வீட்டுக்குள் உதவும். வெளி இன்டர்நெட்டில் அதை மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாக்கெட் எந்தத் திசையில் தொலைந்தது என்று பிங் சொல்லாது. அதற்குப் பேசும்போதே போனின் கால் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் எதிர்முனை பெற்றதன் கணக்கும் அங்கே வரும். காலையில் ஒருமுறை, இரவு 8 மணிவாக்கில் ஒருமுறை, வெட்டுகிற நேரத்தில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு சேவை நிறுவனத்துக்குப் போன் போடுங்கள். பாக்கெட் போகும் வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில், நடுவிலுள்ள ஒரு ரவுட்டர் மட்டும் பாக்கெட் தொலைவதாகக் காட்டி, கடைசி முகவரி சுத்தமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பிங்குக்குப் பதில் சொல்வது அதற்குக் கடைசி வேலை.

வருகிற அழைப்பை எடுத்தால் சரியாக அரை நிமிடத்தில் கட் ஆகிறது. சில சமயம் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.
– வாசகர், ஆலங்குளம்

கடிகாரம் வைத்துப் பாருங்கள், 32 செகண்டாக இருக்கும். அழைப்பை எடுத்ததும் போன் "எடுத்துவிட்டேன்" என்கிறது; "சரி" என்ற பதில் 32 செகண்டுக்குள் வராவிட்டால் தானே வைத்துவிடுகிறது. பதில் வராததற்குப் பெரும்பாலும் ரவுட்டரிலுள்ள சிப் ஏஎல்ஜி (SIP ALG) காரணம். ஐபி போன் அழைப்புச் செய்திகளில் தலையிடும் ஒரு வசதி அது. உதவி செய்வதாக நினைத்து முகவரிகளைத் திருத்தி எழுதிக் கெடுத்துவைக்கும். அதை ரவுட்டர் செட்டிங்கில் அணைத்துவிட்டு, ரவுட்டர், போன் இரண்டையும் ஆஃப் செய்து போடுங்கள். அணைக்க வழியில்லாத மாடலானால், உங்கள் சேவையில் டிஎல்எஸ் (செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை) உண்டா என்று கேட்டு 5061-ஆம் போர்ட்டுக்கு மாறுங்கள். பூட்டிய கடிதத்தை ஏஎல்ஜியால் திருத்த முடியாது. சந்தேகம் தீர, போனில் போட்டிருக்கும் அதே அக்கவுண்டை லேப்டாப்பில் ஒரு ஐபி போன் ஆப்பில் போட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பேசிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி ரவுட்டர்தான்.

அக்ரஹாரத்து வீடு. ரவுட்டர் ரேழியில், போன் இரண்டாங்கட்டில். வைஃபை இரண்டு புள்ளி காட்டுகிறது, பேச்சு கரகரக்கிறது.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

கனத்த சுண்ணாம்புச் சுவர் மூன்று நான்கைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வராது, 2.4 வரும், ஆனால் பக்கத்து வீடுகளின் சிக்னலோடு முட்டிக்கொண்டு வரும். ஒரே தீர்வு கேட் 6 ரக லேன் ஒயர். 100 மீட்டர் வரை இழுக்கலாம். முற்றத்தின் குறுக்கே வெட்டவெளியில் கட்டாமல், சுவரோரமாக பைப்புக்குள் கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் முதலில் போவது அப்படி வெட்டவெளியில் கட்டிய ஒயரில் தொங்கும் போன்தான்.

என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது.
– வாசகர், வள்ளியூர்

எதிராளி ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். வால்யூமைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது ஹெட்செட் மாட்டச் சொல்லுங்கள்.

கரண்டு போய் வந்தால் போன் வேலைசெய்யப் பல நிமிடம் ஆகிறது.
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஃபைபர் மோடம், ரவுட்டர், போன் மூன்றுக்கும் மினி யுபிஎஸ் வேண்டும். ஒன்றை விட்டாலும் பயனில்லை. வாங்குமுன் ஒவ்வொரு அடாப்டரின் முதுகையும் படியுங்கள். மோடம் பெரும்பாலும் 12 வோல்ட், போன் பெரும்பாலும் 5 வோல்ட். பின் பொருந்துகிறதே என்று 12-ஐ 5-இல் செருகினால் போன் கருகிவிடும்.