பழைய மேக் போர்டு: கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்ற வேண்டுமா?

கேள்வி: 1989-ல் வந்த மேகின்டாஷ் எஸ்இ/30 ஒன்று வைத்திருக்கிறேன். ஒலி மிக மெலிதாகக் கேட்கிறது. மீட்டரில் அளந்தால் சில கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) நன்றாகத்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? டாண்டலம் வகை கெப்பாசிட்டர் போடலாமா?

பதில்: போர்டின் மேல் ஒட்டியிருக்கும் குட்டி அலுமினிய எலக்ட்ரோலைட்டிக்குகளை (உள்ளே திரவம் உள்ள கெப்பாசிட்டர் வகை) மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். செராமிக் வகையைத் தொட வேண்டாம். எலக்ட்ரோலைட்டிக்கின் அடியில் உள்ள ரப்பர் காலப்போக்கில் விட்டுக்கொடுத்து, உள்ளிருக்கும் திரவம் கசிகிறது. கெப்பாசிட்டரின் மதிப்பு குறைவதைவிட, அந்தத் திரவம் பக்கத்துச் செம்புத் தடங்களை அரிப்பதுதான் பெரிய சேதம். ஒலி தேய்வது இந்த மாடலில் அடிக்கடி பார்க்கும் அறிகுறி.

பெட்டியைத் திறக்கும்போது ஜாக்கிரதை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். போர்டில் பழைய லித்தியம் பேட்டரி இருந்தால் அதையும் உடனே கழற்றிவிடுங்கள்.

பிளையர்ஸால் திருகிப் பிடுங்குவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரித்துப்போன பேட் (கால் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டு) கூடவே பெயர்ந்து வந்தால் வேலை இரட்டிப்பாகும். முதலில் அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு காலிலும் ஃபிளக்ஸும் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) புது ஈயமும் வைத்து, இரண்டு சால்டரிங் அயர்ன்களால் ஒரே நேரத்தில் சூடாக்கினால் மெதுவாக நழுவி வந்துவிடும். சூடு படும்போது மீன் வாடை அடித்தால் திரவம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் எடுத்த பிறகு போர்டைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காய விடுங்கள். புதியதைப் பொருத்துவது அப்புறம்தான்.

டாண்டலம் தாராளமாகப் போடலாம், கசியவே கசியாது. ஆனால் எலக்ட்ரோலைட்டிக்கில் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ், டாண்டலத்தில் அதே பட்டை பிளஸ். பழையதைப் பார்த்து அப்படியே வைத்தால் தலைகீழாகி, பவர் கொடுத்ததும் பொசுங்கும். மின்னழுத்தத்திலும் தாராளம் வேண்டும்: 5 வோல்ட் வழியில் 16 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் போதும், 12 வோல்ட் வழியில் 25 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள்.

மாற்றிய பிறகும் ஒலி வராவிட்டால் புது கெப்பாசிட்டரைச் சந்தேகிக்காதீர்கள். அதன் காலிலிருந்து ஒலி சிப் வரை தடம் அறுந்திருக்கிறதா என்று மீட்டரின் பீப் ஒலியை வைத்துப் பாருங்கள். அறுந்திருந்தால் மெல்லிய கம்பியால் ஒரு ஜம்பர் போட்டுவிடலாம்.