சீன மருத்துவமும் சீனத் தத்துவமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

என் தாயாரின் முழங்கால் வலிக்காகச் சில மாதங்களாக அக்குபங்சர் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சிகிச்சையாளர் நன்றாகப் பேசக்கூடியவர். கல்லீரல் மர மூலகம், சிறுநீரகம் நீர் மூலகம் என்று விளக்குவார். இவையெல்லாம் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு 'தாவோ' என்ற இயற்கை நெறியைப் பின்பற்றிய ஞானிகள் தியானத்தில் கண்டவை என்றும், அந்த மரபின் மூலவராகப் போற்றப்படும் லாவோட்சுவின் தத்துவமே சீன மருத்துவத்தின் வேர் என்றும், இந்த ஐந்து மூலகங்கள் நம் பஞ்சபூதங்களே என்றும் சொல்கிறார். இதில் எவ்வளவு வரலாறு? இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அந்தத் தத்துவத்தை ஒருவர் ஏற்காவிட்டால் மருத்துவமும் பொய்யாகிவிடுமா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

காலக்கணக்கை முதலில் முடித்துவிடலாம். 5,000 ஆண்டு என்பது மஞ்சள் பேரரசர் என்ற தொன்மக் கதாபாத்திரத்தின் காலமாகச் சொல்லப்படுவது. அவர் பெயரில் வழங்கும் 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூல் ஹான் பேரரசின் காலத்தில், ஏறத்தாழ கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில் பல கைகளால் தொகுக்கப்பட்டது. அதற்குச் சற்று முந்தைய நிலையை அறிய நமக்கு நல்லதொரு சான்று கிடைத்திருக்கிறது. ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா நகரையொட்டிய மாவாங்துய் என்ற இடத்தில் 1970களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையில், பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் இருந்தன. அவற்றில் உடலில் ஓடும் நாளங்கள் விவரிக்கப்படுகின்றன. ஆனால் பிற்காலத்துப் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதினொன்றே உள்ளன. நாளங்களுக்கு யின் (குளிர்ச்சி, இருள்), யாங் (வெப்பம், ஒளி) என்ற எதிரிணையின் பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. சிகிச்சையோ மூலிகையை எரித்துச் சூடு காட்டுவதுதான். ஊசி குத்தும் புள்ளிகளும், மூலகங்களோடு உறுப்புகளை இணைக்கும் வாய்பாடும் அந்த நாளச் சுவடிகளில் காணப்படவில்லை. பேயோட்டும் மந்திரங்கள் மட்டும் மருந்துக் குறிப்புகளின் நடுவே தாராளமாக வருகின்றன.

அதே கல்லறையில் லாவோட்சுவின் நூலுக்கும் இரண்டு பட்டுப் பிரதிகள் கிடைத்தன என்பதை உங்கள் சிகிச்சையாளர் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டலாம். தாவோ மரபுக்குப் பங்கே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். அங்கே கிடைத்த உடற்பயிற்சி ஓவியமும், 'நெய்ஜிங்'கின் முதல் பகுதியான 'சு வென்' நூலின் தொடக்கத்தில் வரும், முன்னோர் தாவோவை அறிந்து அளவோடு வாழ்ந்து நூறாண்டு நிறைந்தனர் என்ற பேச்சும் அந்த மரபின் சாயல் கொண்டவை. ஆனால் தாவோ மரபினரின் அக்கறை பெரும்பாலும் ஆயுளைப் பேணுவதில் இருந்ததே தவிர, நோயாளியைக் குணப்படுத்துவதில் இருக்கவில்லை. கரடிபோல் தொங்கியும் பறவைபோல் கழுத்தை நீட்டியும் ஆயுளை வளர்க்க முயல்பவர்களை, தாவோ மரபின் மற்றொரு மூலநூலான 'சுவாங்ட்சு' ஞானிகளுக்கு ஒரு படி கீழேதான் வைக்கிறது.

என் கணிப்பில், சீன மருத்துவத்தின் தத்துவம் அரசியலிலிருந்து, அதிலும் ஒருங்கிணைந்த பேரரசு என்ற புதிய அனுபவத்திலிருந்து வந்தது. மரம், நெருப்பு, நிலம், உலோகம், நீர் என்ற ஐந்தையும் ஒன்றையொன்று வெல்லும் சுழற்சியாக அமைத்துப் புகழ்பெற்றவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ட்சோ யென். அவர் விளக்க முயன்றது அரச வம்சங்கள் ஏன் எழுந்து விழுகின்றன என்பதை. அதை நம்பிய சின் பேரரசர், நெருப்பின் ஆற்றலால் ஆண்ட சோ வம்சத்தை நீரால் வென்றதாகக் கருதி, கறுப்பைத் தம் அரசின் நிறமாகவும் ஆறைத் தம் எண்ணாகவும் ஏற்றார். கி.மு. 104இல் ஹான் அரசு நிலத்துக்கும் மஞ்சளுக்கும் மாறியது. இந்தக் கருத்துகள் அரசவையில் ஓங்கியிருந்த அதே காலத்தில்தான் 'நெய்ஜிங்' உருவாகிறது.

அந்நூலைத் திறந்து பார்த்தால் உடலே ஓர் அரசாகத் தெரியும். 'சு வென்' நூலின் எட்டாம் அத்தியாயத்தில் இதயம் மன்னர், நுரையீரல் முதலமைச்சர், கல்லீரல் படைத்தலைவர், பித்தப்பை நடுநிலை தவறாத நீதிபதி, மண்ணீரலும் இரைப்பையும் களஞ்சிய அதிகாரிகள். இரண்டாம் பகுதியான 'லிங் ஷு'வில் பன்னிரண்டு நாளங்களுக்கு ஈடாக நாட்டின் பன்னிரண்டு ஆறுகள் நிறுத்தப்படுகின்றன. ஊசிப் புள்ளிகளுக்கு ஆண்டின் நாள்களைப்போல 365 என்று எண்ணிக்கை சொல்லப்படுகிறது. கால்வாயும் களஞ்சியமும் அதிகாரிகளும் தடையின்றி இயங்கினால் நாடு நலமாக இருக்கும், எங்கேனும் அடைத்துக்கொண்டால் கலகம் பிறக்கும் என்ற நிர்வாகியின் பார்வையே உயிராற்றலின் ஓட்டமாக உடலுக்குள் வந்திருக்கிறது. பால் உன்ஷுல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஞானி வந்த நோயைத் தீர்ப்பதில்லை, வராத நோயைத் தடுக்கிறார் என்ற புகழ்பெற்ற வரியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு அடுத்த வரி எழுந்துவிட்ட கலகத்தையும் எழாத கலகத்தையும் பற்றியது என்பதைச் சொல்லமாட்டார்கள்.

பஞ்சபூதம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். சீனப் பட்டியலில் காற்றும் ஆகாயமும் கிடையாது. நம்முடையதில் மரமும் உலோகமும் கிடையாது. பூதங்கள் பொருள்கள் எவற்றால் ஆனவை என்பதைச் சொல்கின்றன. சீனத்து ஐந்தும் பருவங்களைப்போல ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும் நிலைகளைச் சொல்கின்றன. இரண்டையும் ஒன்றாக்குவது மேடைப்பேச்சுக்கு வசதியானது, அவ்வளவுதான்.

கல்லீரல் மரம் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் சுவையாகப்படுவது இதுதான். தத்துவவாதிகள் முதலில் அப்படிச் சொல்லவில்லை. ஏறத்தாழ கி.மு. 239இல் தொகுக்கப்பட்ட 'லூஷி சுன்ச்சியூ'வின் சடங்குக் குறிப்புகளில், மரத்துக்குரிய வசந்தத்தில் முதற்படையல் மண்ணீரல். நெருப்புக்குரிய கோடையில் நுரையீரல். நிலத்துக்குரிய நடுவில் இதயம். உலோகத்துக்குரிய இலையுதிர் காலத்தில் கல்லீரல். நீருக்குரிய குளிர்காலத்தில் சிறுநீரகம். இன்றைய வாய்பாட்டோடு ஒத்துப்போவது சிறுநீரகம் ஒன்றுதான். கி.பி. 100ஐ ஒட்டி அகராதி தொகுத்த ஷூ ஷென் இதயத்தை நிலத்தின் உறுப்பு என்று எழுதிவிட்டு, அதை நெருப்பின் உறுப்பாகக் கொள்வோரும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறார். அடுத்த தலைமுறைகளில் வந்த கன்ஃபூசிய உரையாசிரியர் ஜெங் சுவான் (127–200) ஒரு படி மேலே போகிறார். மருத்துவர்கள் கல்லீரலை மரமாகவும் இதயத்தை நெருப்பாகவும் கொண்டு சிகிச்சை செய்யும்போது நோய் குணமாகிறது, முறையை மாற்றினால் நோயாளி சாகாவிட்டாலும் நிலை மோசமாகிவிடும் என்பது அவர் வாதம். அவர்கள் உண்மையிலேயே குணப்படுத்தினார்களா என்பது தனி விவாதம். ஆனால் பண்டைய நூல்களையே வேதமாகக் கொண்ட ஓர் அறிஞர், மருத்துவரின் அனுபவத்தை முன்னிறுத்தித் தத்துவத்தின் அட்டவணையை முடிவு செய்கிறார். தத்துவத்தை வேராகவும் மருத்துவத்தைக் கிளையாகவும் காட்டும் வழக்கமான சித்திரத்தில் இந்த நிகழ்ச்சிக்கு இடமே இல்லை.

உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதிலும் இதையொட்டியே இருக்கிறது. கோ ஹோங் (283–343) தாவோ மரபின் முதன்மையான எழுத்தாளர்களில் ஒருவர். அமர மருந்து தேடியவர். ஆனால் முறைக்காய்ச்சலுக்கு அவர் தரும் குறிப்பில் தாவோவும் இல்லை, மூலகமும் இல்லை: ஒரு பிடி சிங்ஹாவ் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்கிறார். கொதிக்கவைக்கச் சொல்லாததைக் கவனித்த சீன மருந்தியல் ஆய்வாளர் தூ யூயூ, சூடே மருந்தைக் கெடுப்பதாக ஊகித்து, 1971இல் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தார். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் அப்படித்தான் வந்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதைப் பயன்படுத்தும் மருத்துவர் யாரும் யின் யாங்கை ஏற்க வேண்டியதில்லை.

மறுபுறம், தத்துவத்தை முழுமையாக ஏற்றவர்களும் ஒரே சிகிச்சைக்கு வந்து சேரவில்லை. தத்துவ அறிஞர் ஜூ ஷியின் புதுக் கன்ஃபூசியப் பள்ளியில் பயின்ற ஜூ ஜென்ஹெங் (1281–1358), ஆசை உள்நெருப்பைக் கிளறுகிறது, ஆகவே மனிதரிடம் யாங் எப்போதும் மிகுதி, யின் எப்போதும் குறைவு என்று வாதிட்டு, நெருப்பைத் தணித்து யின்னை வளர்க்கும் மருந்துகளைப் பரிந்துரைத்தார். புலனடக்கம் பற்றிய அறநெறி அவரிடம் மருந்துச்சீட்டாகவே மாறிவிட்டது. அதே 'நெய்ஜிங்'கை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து பகுத்துத் தொகுத்த ஜாங் ஜியேபின் (1563–1640), யாங் ஒருபோதும் மிகுதியாவதில்லை என்று மறுத்து, உடலைச் சூடேற்றி வலுவூட்டும் மருந்துகளைக் கொடுத்தார். மூலநூல் ஒன்று, யின் யாங் ஒன்று, மருந்தோ நேர்எதிர். ஆகவே உங்கள் தாயாரின் சிகிச்சையாளரிடம் மூலகங்களின் தொன்மையைப் பற்றி வாதிட வேண்டாம். இத்தனை மாதங்களில் தாயாரால் முன்பைவிடக் கூடுதலாக நடக்க முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்று பாருங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.