ஊற்றும் அடுப்பும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 22. கல்லூரி நாட்களிலிருந்து திரிசாரணனாக, அதாவது சாரணர் இயக்கத்தின் இளைஞர் பிரிவில், இருக்கிறேன். சென்ற மாதம் ஏலகிரியில் சனி, ஞாயிறு நடந்த கூடுகைக்குப் பல மாவட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். பேருந்து தாமதம், வரவேற்புரை, வாழ்த்துரை, குழுப்படம் என்றே பொழுது போயிற்று. அந்தந்த ஊர்க்காரர் அவரவருடனேயே இருந்தனர். எங்களிடம் யாரும் வந்து பேசவில்லை. இந்த வயதில் ஸ்கார்ஃப் கட்டித் திரிவதை நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தொடரலாமா?

பி.கு.: சாப்பாடு கேட்டரிங், அதில் ஒரு குறையும் இல்லை.

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

பேருந்தை விடுங்கள், அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளை எந்த வண்டி நேரத்துக்கு ஏறி முடித்திருக்கிறது? கேலிக்கும் ஒரு வரி போதும்: 25 வயது வரை திரிசாரணராக இருக்கலாம் என்று இயக்கமே சொல்லும்போது உங்கள் நண்பர்களின் அனுமதி எதற்கு? என்னை உறுத்தியது உங்கள் பின்குறிப்பு. குறை முழுவதும் அந்தச் சாப்பாட்டில்தான் இருக்கிறது.

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த 1984இல், கத்திரி வெயிலில், பாலாற்றங்கரைத் தோப்பு ஒன்றில் எங்களுக்கு முகாம் நடந்தது. எட்டுப் பேர் கொண்ட எங்கள் அணியில் ஒரே ஊர்க்காரர் இருவர் இல்லை. தண்ணீர் கொண்டுவரும் முறை எனக்கும் ஒரு திருநெல்வேலிக்காரனுக்கும் வந்தது. தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்த அவன், குடத்தை இடுப்பில் வைத்தபடி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலாகவே கிடந்த ஆற்றைத் திகைத்துப் பார்த்தான். "தண்ணி கீது, தோண்டு" என்றேன். "ஏலே, மண்ணையா குடிக்கச் சொல்லுத?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. என் ஆற்றை இகழ்ந்துவிட்டான் அல்லவா? முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது, இன்னும் ஒரு முழம் போனதும் நீர் கசிந்தது. ஊற்றின் விளிம்பு சரியாமல் ஒருவன் இரு கைகளாலும் மணலை அணைத்துப் பிடிக்க, மற்றவன் கொட்டாங்கச்சியால் கலங்கல் நீரை இறைத்துக் கொட்டிவிட்டுத் தெளிவதற்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லாததால்தான் நாங்கள் பேசினோம். என் 'கீது'வை அவனும் அவனுடைய 'சொல்லுத'வை நானும் அன்று மாலைக்குள் களவாடிக்கொண்டோம். இரவு ரசத்தில் உப்பு போதுமா என்று அடுப்படியில் சண்டையும் போட்டோம்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் பெரிய இடத்துப் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுமாகச் சுமார் இருபது பேர் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். அப்படிக் கலப்பதற்காகத் தொடங்கிய இயக்கமே இங்கே இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால்தான் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்க நேர்ந்தது. அன்று விலக்கி வைத்தவர் வேறு யாரோ. இன்று நீங்கள், எவரும் தடுக்காமலே, ஊர் ஊராக விலகி உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்டரிங்காரர் இலையில் பரிமாறிவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்கக்கூடத் தேவை இல்லை. விறகு நனைந்திருந்தால், அரிசி குழைந்திருந்தால், வெங்காயம் உரிக்க ஆள் போதாமல் இருந்திருந்தால், நீங்கள் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

"யாரும் வந்து பேசவில்லை" என்கிறீர்களே தம்பி, நீங்கள் எத்தனை பேரிடம் போய்ப் பேசினீர்கள்? 2019இல் மூன்றாகப் பிரியும் வரை குடியாத்தமும் ஏலகிரியும் ஒரே வேலூர் மாவட்டம். அந்த மலையில் நீங்கள் வீட்டுக்காரர், தொலைவிலிருந்து வந்தவர்கள் விருந்தாளிகள். விருந்தாளி முதலில் பேசட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பது எந்த ஊர் வழக்கம்?

அடுத்த கூடுகைக்கு நிச்சயம் போங்கள். சமையலை அணிகளிடம் விடுமாறு இப்போதே பொறுப்பாளரிடம் கேளுங்கள். நம் ஊர் முள்ளுக்கத்திரிக்காய் நான்கு கிலோ வாங்கிக்கொண்டு போய், காம்பில் முள் இருக்கிறது என்று சொல்லாமலே அறிமுகமில்லாத ஒருவரிடம் நறுக்கக் கொடுங்கள்.