சாவும் சிரிப்பும் ஒரே சட்டகத்தில்: நான் பரிந்துரைக்கும் அயல்மொழிப் படங்கள்

ஹாலிவுட் டார்க் காமெடிகளை எல்லாம் பார்த்துவிட்டதாகவும், பிற நாடுகளின் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கியையும் ரத்தத்தையும் வைத்துச் சிரிக்கவைக்கும் படங்களை இங்கே விட்டுவிடுகிறேன். பக்கத்தில் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் வீடு, சம்பளம், நிலம், பரிசுப் பொருள் என்று அலையும் சாதாரண மனிதர்களைக் காட்டும் படங்கள்தான் என்னை ஆட்டிப்படைப்பவை.

முதலில் ஸ்பெயினின் 'எல் வெர்துகோ' (1963). 'தி எக்ஸிக்யூஷனர்' என்று தேடுங்கள். இயக்கியவர் லூயிஸ் கார்சியா பெர்லாங்கா. ஹோசே லூயிஸ் சவ அடக்க நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். தொழிலைக் கேட்டதுமே பெண்கள் விலகிப்போகிறார்கள். கார்மென் என்ற பெண்ணின் அப்பா அமதேயோவோ மரண தண்டனையை நிறைவேற்றும் அரசு ஊழியர்; அதனாலேயே அவளைக் கட்டிக்கொள்ள ஒருவரும் வருவதில்லை. ஊர் ஒதுக்கிய இருவரும் ஒன்று சேர்கிறார்கள். பெரியவருக்கு அரசுக் குடியிருப்பில் புது வீடு ஒதுக்கீடாகிறது. அவர் ஓய்வுபெற்றுவிட்டால் அது கைநழுவிவிடும். மருமகன் அந்த வேலைக்கு வந்தால் வீடு நிலைக்கும். "யாரையும் கொல்ல வேண்டி வராது, கடைசி நேரத்தில் மன்னிப்பு வந்துவிடும், பிடிக்காவிட்டால் ராஜினாமா செய்துவிடலாம்" என்று மாமனார் தேற்றுகிறார். அவன் கையெழுத்துப் போடுகிறான்.

சம்பளம் வருகிறது, குழந்தை பிறக்கிறது, பிறகு ஒருநாள் மயோர்கா தீவுக்கு வரச்சொல்லி உத்தரவு வருகிறது. குடும்பமே உல்லாசப் பயணம்போலக் கிளம்புகிறது. அங்கே ஒரு குகை ஏரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு இசை நிகழ்ச்சி நடக்கிறது. அந்த இருட்டில் காவலர்கள் படகில் வந்து ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வரும். அதன்பின் அந்தப் புகழ்பெற்ற வெள்ளைக் கூடம். வெறுமையான பெரிய இடத்தை இரண்டு கூட்டங்கள் கடக்கின்றன. முதல் கூட்டத்தின் நடுவே சாகப்போகும் கைதி. சற்றுத் தள்ளி வரும் இரண்டாம் கூட்டம் இழுத்துக்கொண்டு போவது கொல்லப்போகிறவனை. ஒரு நெருக்கக் காட்சிகூட வைக்காமல் கேமரா தூரத்திலேயே நிற்கிறது. மரண தண்டனைக்கு எதிராக இதைவிட வலுவான ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

இது ஸ்பெயினை ஆண்ட பிராங்கோவின் சர்வாதிகாரத்தில், தணிக்கைக்கு உட்பட்டு எடுக்கப்பட்ட படம் என்பதை மறந்துவிடாதீர்கள். கழுத்தில் இரும்புப் பட்டையை மாட்டி இறுக்கிக் கொல்லும் முறை அப்போது அங்கே நடைமுறையில் இருந்தது. 1963 ஆகஸ்டில் மாட்ரிட்டில் அரசே கூடாது என்ற கொள்கை கொண்ட இரண்டு அராஜகவாதிகள் அப்படித்தான் கொல்லப்பட்டார்கள். சில வாரங்களில் வெனிஸ் திரைப்பட விழாவில் இந்தப் படம் திரையிடப்பட்டு, விமர்சகர் விருதையும் பெற்றது. ஸ்பெயின் அரசின் தூதர் கொதித்துப்போனதில் வியப்பில்லை.

அடுத்து, மிலோஷ் ஃபோர்மன் செக்கோஸ்லோவாக்கியாவில் எடுத்த 'தி ஃபயர்மென்ஸ் பால்' (1967). ஒரு சிறிய ஊரின் தீயணைப்புப் படை ஆண்டு விழா நடத்துகிறது. பரிசுச் சீட்டுக்காக வைத்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. மேடையேற வேண்டிய அழகிகள் ஓடி ஒளிகிறார்கள். நடுவில் ஒரு கிழவரின் வீடு பற்றியெரிகிறது. பனியில் அவருக்குக் குளிருமே என்று நாற்காலியைத் தீக்குப் பக்கத்தில் நகர்த்தி உட்காரவைக்கிறார்கள்! அந்த மனிதர்களிடம் கெட்ட எண்ணமே இல்லை, அதுதான் வயிற்றைப் பிசைகிறது. நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் அல்லர், படப்பிடிப்பு நடந்த வ்ர்ஹ்லாபி ஊரின் உண்மையான தீயணைப்பு வீரர்களும் அவர்களில் உண்டு. 1968இல் சோவியத் படைகள் நுழைந்தபின் படம் தடைசெய்யப்பட்டது. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ருமேனியாவின் 'தி டெத் ஆஃப் மிஸ்டர் லாசரெஸ்கு' (2005) இதற்கு நேர்மாறு. இரண்டரை மணி நேரம். புக்கரெஸ்டில் தனியாக வாழும் ஒரு முதியவருக்குத் தலைவலியும் வாந்தியும். ஆம்புலன்ஸ் அவரை ஒரே இரவில் மருத்துவமனை மருத்துவமனையாக ஏற்றி இறக்குகிறது. வாயில் வரும் மது வாடைக்காக எல்லோரும் அவரைக் கண்டிக்கிறார்கள்; அவர் பேச்சு மெல்லக் குழறுவதைக் கவனிக்கத்தான் ஆளில்லை. மருத்துவமனைச் சீட்டோடு வரிசையில் நின்ற அனுபவம் உள்ள எவரும் கூடவே பதறுவார்கள். பொறுமை வேண்டும். களைத்திருக்கும் இரவில் இதைத் தொடாதீர்கள். கனம் குறைந்த ருமேனியப் படம் வேண்டுமானால் '12:08 ஈஸ்ட் ஆஃப் புக்கரெஸ்ட்' (2006). 1989 டிசம்பர் 22 அன்று ருமேனியச் சர்வாதிகாரி சௌசெஸ்கு ஹெலிகாப்டரில் தப்பியோடுவதற்கு முன்பே தங்கள் ஊர் மக்கள் சதுக்கத்துக்கு வந்தார்களா, பின்புதான் வந்தார்களா என்று உள்ளூர் தொலைக்காட்சியில் ஒரு விவாதம். படத்தின் பின்பாதி கிட்டத்தட்ட முழுவதும் இதுதான். விழுந்து விழுந்து சிரித்தேன்.

தொலைவுக்குப் போகாமலே ஒன்று பார்க்க விரும்பினால் கன்னடத்தின் 'திதி' (2015). ராம் ரெட்டி இயக்கி, லொகார்னோ திரைப்பட விழாவில் விருது வென்ற படம். மண்டியா மாவட்டக் கிராமத்தில், அந்த ஊர் மக்களே நடித்திருக்கிறார்கள். 101 வயதுப் பெரியவர் சாகிறார். பதினொன்றாம் நாள் காரியத்துக்குள் பேரன் நிலத்தை விற்கப் பார்க்கிறான். அதற்காக உயிரோடு இருக்கும் தன் அப்பா கட்டப்பாவுக்கே இறப்புச் சான்றிதழ் வாங்குகிறான். கட்டப்பாவுக்கோ நிலம், பணம் எதிலும் நாட்டமில்லை, நடந்துகொண்டே இருக்கிறார். காரியச் சாப்பாட்டுக்கு ஆடு தேடுவது, பந்தி என எல்லாமே நம் ஊர்க் காட்சிகள்.

நண்பர்களைக் கூட்டிவைத்துப் பார்ப்பதானால் அர்ஜென்டினாவின் 'வைல்ட் டேல்ஸ்' (2014) சரிப்படும். ஆறு தனித்தனிக் கதைகள், எல்லாவற்றிலும் கோபம் பொங்கி வழிகிறது. பிடிக்காத கதையை எவரும் நெடுநேரம் தாங்க வேண்டியதில்லை. கடைசியில் வரும் கல்யாணக் கதையை மட்டும் யாரும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.